வெளிநாடு போனா சாப்பாட்டுக்கு என்னங்ணா பண்றது?

போன வாரம் எங்க ஆபீஸ்ல புதுசா சேந்த தம்பி ஒருத்தனுக்கு விசா வந்துச்சுங்க. மொத ஃபாரின் ட்ரிப், பார்சலோனாவுல ஒரு பையர, அதாவது நம்மகிட்ட சரக்கு வாங்கற கம்பெனிக்காரரப் பாத்துட்டு அப்படியே இஸ்தான்புல் போயி துணி பாத்துட்டு வரோணும். சாம்பிள் பேக்கிங், காஸ்டிங் ஷீட்டு, ரூம் புக்கிங் எல்லாத்தையும் அவனே பாத்துக்கிட்டான், கெளம்பறதுக்கு முந்துன நாள் சாயந்தரம் பேக்கரியில டீ குடிச்சுட்டு நிக்கறப்ப மெதுவா கேக்கறான், "ஏனுங்ணா, சாப்பாட்டுக்கு என்னங்ணா பண்றது?"

கேள்வியப் பாத்து சிரிக்காதீங்க. நான் மொத தடவ ஃபிராங்க்ஃபர்ட் போனப்ப ஞாயித்துக்கெழம எறங்குனேன், ஜெர்மனில ஞாயிறு ஆனா சூப்பர் மார்க்கெட்டெல்லாம் சாத்திருவாங்கன்னு யாரும் சொல்லல, ஹோட்டலுக்குள்ள போக கூச்சம், மெனுவப் பாத்தா ஒரு எழவும் புரியல. ஊட்ல கட்டிக் குடுத்த பருப்புப்பொடியும் கப் நூடுல்ஸும் தின்னே நாலு நாள் ஓட்டுனேன், ரூம் கெட்டில்ல தண்ணி காயவெச்சு. ஊருக்கு வந்து எறங்குனதும் மொத வேலையா அரிசிம்பருப்புச் சோத்த தட்டு நெறையா வாங்கித் தின்னதப் பாத்து எங்கம்மா கண்ணு கலங்கிருச்சு. இப்ப பன்னெண்டு வருசமா வருசத்துக்கு அஞ்சாறு தடவ போயிட்டு வந்துட்டு இருக்கேன். தம்பிகிட்ட ரெண்டு டீ குடிக்கற நேரம் சொன்னத உங்களுக்கும் சொல்றேனுங்க, புதுசா போறவங்க படிச்சுட்டுப் போங்க.

மொத வேலை: கடையத் தேடாதீங்க, நேரத்தத் தேடுங்க

பாதிப் பேரு மோசமான சோறு திங்கறது தப்பான கடைக்குப் போயி இல்லீங்க, தப்பான நேரத்துல போயிதான். வெளியூர்க்காரன் ஒருத்தன் ஈரோட்டுக்கு சாயந்தரம் நாலு மணிக்கு வந்து மீல்ஸ் கேட்டா என்ன கெடைக்கும், ஆறிப்போன தக்காளிச் சோறு கெடைக்கும். அதத் தின்னுட்டு ஈரோட்டுல சாப்பாடே நல்லால்லைன்னு போயி சொல்லுவான். நாமளும் அங்க போயி அதேதான் பண்றோம்.

ஸ்பெயின்ல மதியச் சாப்பாடு ரெண்டு மணி வாக்குலதான் சூடு புடிக்கும், ராத்திரிக்கு ஒம்பது மணி ஆவோணும். ஏழு மணிக்கே பசியோட போயி ஒக்காந்தீங்கன்னா அந்நேரத்துல சாப்பாடு போடறது பெரும்பாலும் டூரிஸ்ட் கடைதான். பாரிஸ்ல மதியம் பன்னெண்டுலருந்து ரெண்டு, அதுக்கப்புறம் நெறைய எடத்துல கிச்சன மூடிட்டு ராத்திரி ஏழு ஏழரைக்குத்தான் தொறப்பான். ஜெர்மனில ராத்திரிக்கு சீக்கிரம் போகோணும், ஒம்பதரைக்கு மேல போனா கிச்சன் முடிஞ்சுதுன்னு கையக் காட்டிருவான். ஜப்பான்ல கடை மூடற நேரம் வேற, கடைசி ஆர்டர் எடுக்கற நேரம் வேற, போர்டுல ரெண்டயும் பாருங்க.

லீவு நாளும் பாத்துக்கோங்க. ஐரோப்பாவுல நல்ல சின்னக் கடைங்க நெறைய திங்கக்கெழம லீவு. ஆகஸ்ட் மாசம் பாரிஸ், மிலான், மாட்ரிட் பக்கமெல்லாம் கடைக்காரங்களே ரெண்டு மூணு வாரம் லீவு போட்டுட்டுப் போயிருவாங்க. தீவாளிக்கு நம்ம திருப்பூரு வந்து பாத்தவன் இது ஹோட்டலே இல்லாத ஊருன்னு நெனைப்பானா இல்லீங்களா, அந்த மாதிரிதான்.

அதனால டிக்கெட் போட்ட அன்னைக்கே போன்ல ஒரு நோட்டு தொறந்து, அந்த ஊர்ல மதியம் எத்தனை மணி, ராத்திரி எத்தனை மணி, என்ன கெழம லீவு, இந்த மூணு வரி எழுதிக்கோங்க. முடிஞ்சா மதியச் சாப்பாட்டையே பெரிய சாப்பாடா வெச்சுக்கோங்க. அதே கிச்சன், அதே மாஸ்டர், நெறைய எடத்துல ராத்திரி வெலைய விடக் கொறைச்சு மதியம் போடுவான்.

ரெண்டாவது: மேப்ல "ரெஸ்டாரன்ட்"னு தேடாதீங்க

வெளிநாட்டுக்காரன் நம்மூர்ல ரெஸ்டாரன்ட்னு அடிச்சா ஏசி ஹால் வெச்ச, எல்லா ஐட்டமும் போடற பெரிய கடைதான் வரும். "மெஸ்"னு அடிச்சாத்தான் அவனுக்கு நாட்டுக்கோழிக் கொழம்பும் கொடல் வறுவலும் வாழை எலையில வரும். மெஸ்ங்கற அந்த ஒரு வார்த்தை தெரியாததுதான் அவனுக்கு கொறை. ஒவ்வொரு ஊர்லயும் அந்த மாதிரி ஒரு வார்த்தை இருக்குதுங்க, அதத் தெரிஞ்சுட்டுப் போனா பாதி வேலை முடிஞ்சுது.

ஸ்பெயின்ல அது "மெனு டெல் தியா", அன்னைக்கு மதியச் செட்டு சாப்பாடு. மொதல்ல ஒன்னு, ரெண்டாவது ஒன்னு, ரொட்டி, கடைசில ஒரு ஸ்வீட்டோ பழமோ, பெரும்பாலும் குடிக்கறதும் சேத்தி ஒரே வெலை, பார்சலோனா மாதிரி ஊர்ல 12லருந்து 18 யூரோக்குள்ள கெடைக்கும். 1960கள்ல டூரிஸ்ட் வர ஆரம்பிச்சப்ப அரசாங்கமே சொல்லிக் கொண்டாந்த ஏற்பாடு அது, இப்ப அந்தூரு ஆபீஸ்காரங்களுக்கு அதுதான் மீல்ஸ். ஜெர்மனில "மிட்டாக்ஸ்டிஷ்", ஃபிரான்ஸ்ல "ப்ளா டு ஜூர்", வியட்நாம்ல சைவம் வேணும்னா "கொம் சாய்". ஸ்பெல்லிங் தெரியலைன்னா ட்ரான்ஸ்லேட் ஆப்ல எடுத்து ஒட்டுங்க.

இஸ்தான்புல்ல அது "எஸ்னாஃப் லோகாந்தா". எஸ்னாஃப்னா கடை வெச்சுப் பொழைக்கற ஆளுங்க, தொழில்காரங்க. அவங்களுக்குன்னு மதியம் சமைச்சுப் போடற கடை. லாலேலின்னு ஒரு ஏரியா, நம்ம திருப்பூரு காதர்பேட்டை ஜவுளிச் சந்தைய பத்து மடங்கு பெருசாக்கி வெச்ச மாதிரி மொத்த ரெடிமேட் யாவாரம், தெருவெல்லாம் மூட்டை, தள்ளுவண்டி. அங்க ஒரு சந்துக்குள்ள மொத தடவ போனப்ப கண்ணாடிக்குப் பின்னால பத்துப் பன்னெண்டு அகலத் தட்டு ஆவி பறக்க இருந்துச்சு, வெள்ளை மீசை வெச்ச மாஸ்டர் கரண்டியோட நிக்கறாரு. பாஷை வேண்டாம், மெனு வேண்டாம், வெரல நீட்டுனாப் போதும். வெள்ளை பீன்ஸ் கொழம்பு, கத்திரிக்கா, கொண்டக்கடலை போட்ட சோறு, அப்பறம் பாத்தா வெண்டைக்கா! நம்ம வெரல் நுனி அளவுக்குத்தான் ஒவ்வொன்னும், தக்காளியில எலுமிச்சம்பழம் புழிஞ்சு வெச்சிருக்காங்க, வழவழப்பே இல்ல. நான் வெண்டைக்காயவே பாத்துட்டு நின்னத மாஸ்டர் கவனிச்சுட்டு இன்னும் ஒரு கரண்டி எச்சா போட்டாரு. எதுத்தாப்ல மூட்டை தூக்கற பெரியவரு ஒருத்தரு, தட்டுல கடைசியா இருந்த கொழம்ப ரொட்டியில தொடச்சு எடுத்துட்டு எழுந்தாரு, அவரு சாப்புட ஒக்காந்து எழுந்திரிச்சதுக்கு பத்து நிமிசம் ஆயிருக்காது. அந்த மாதிரி கடையில காலைல சமைச்சது மதியத்தோட தீந்துரும், மூணு மணிக்கு மேல போனா தட்டோட அடிதான் தெரியும்.

ஸ்டார் ரேட்டிங் பத்தி: 4.9 ஸ்டார், அறுவது ரிவ்யூ இருக்கற கடைய விட 4.3 ஸ்டார், மூவாயிரம் ரிவ்யூ இருக்கற கடைய நான் நம்புவேன். "புதுசு மொதல்ல"ன்னு மாத்தி வெச்சுப் படிங்க, மாஸ்டர் போன வருசமே வேலைய விட்டுட்டுப் போயிருப்பாரு, பழைய ரிவ்யூவ வெச்சு என்ன பண்றது. அஞ்சு ஸ்டாரும் ஒரு ஸ்டாரும் வேண்டாம், மூணு ஸ்டார் குடுத்தவன்தான் பொறுமையா உண்மையச் சொல்லுவான். அந்தூரு பாஷையில இருக்கற ரிவ்யூவ ட்ரான்ஸ்லேட் பண்ணிப் பாருங்க, இங்கிலீஷ்ல மட்டும் ரிவ்யூ இருந்தா அந்தக் கடைக்கு அந்தூர்க்காரன் போறதில்லன்னு அர்த்தம். ஜப்பான்ல தபேலாக்னு ஒரு சைட்டு இருக்குது, அங்க 3.5 வந்தாலே நல்ல கடை, நம்ம கணக்குல 3.5ஐப் பாத்து ஓடிறாதீங்க. சைனாவுல கூகுள் மேப்பு வேலைக்கே ஆவாது, தியான்பிங்னு அவங்க ஆப்பு இருக்குது, காசுக்கு அலிபேயில நம்ம கார்ட இணைச்சுக்கலாம், ரெண்டயும் இங்கயே இன்ஸ்டால் பண்ணிட்டுப் போங்க. கேன்டன் ஃபேருக்கு, அதான் சைனாவுல குவாங்ஜோ ஊர்ல நடக்கற பெரிய யாவாரச் சந்தைக்குப் போயி இறங்குன பொறகு இத நோண்டிட்டு இருந்தீங்கன்னா பசியில கண்ணு கட்டிரும்.

சாப்பாட்டுக் கடைக்கு ஸ்டார் குடுக்கற மிஷ்லின் புத்தகம் பத்தி ஒரு வார்த்தை. டயர் கம்பெனிதான், 1900ல கார்க்காரங்களுக்குன்னு போட்ட புத்தகம் இவ்வளவு தூரம் வந்துருச்சு. ஸ்டார் வாங்குன கடையெல்லாம் பையர் செலவு பண்றப்ப போய்க்கலாம், நமக்கு வேண்டியது அதுலயே "பிப் கூர்மான்"னு இன்னொரு லிஸ்ட், நியாய வெலையில நல்ல சாப்பாடுங்கறதுக்கு குடுக்கறது. ஃப்ரீயா பாக்கலாம்.

மூணாவது: நிக்கற எடத்துல திங்காதீங்க

இது நான் காசு குடுத்துப் படிச்ச பாடம். பார்சலோனாவுல லா ரம்ப்லான்னு பெரிய நடைத்தெரு, ஒரு நாள் மீட்டிங் முடிஞ்சு களைப்பா வந்து அங்கயே போர்டுல படம் போட்ட ஒரு கடையில ஒக்காந்தேன். வாசல்ல நின்ன ஆளு "இந்தியா? நமஸ்தே!"ங்கறான், நானும் பல்லக் காட்டிட்டு வெளிய போட்டிருந்த டேபிள்லயே எடம் புடிச்சேன். பயேயா சொன்னேன், அகலச் சட்டியில செய்யற அந்தூரு அரிசிச் சோறு, பத்தே நிமிசத்துல வந்துச்சு. நெசமான பயேயா அரிசி போட்டு வேகவே இருவது நிமிசம் ஆவும், பத்து நிமிசத்துல வந்தப்பவே எழுந்திருச்சிருக்கோணும். நடுவுல கொதிக்குது, ஓரத்துல ஜில்லுன்னு இருக்குது, மைக்ரோவேவ்! பில்லுல ரொட்டிக்கு தனி, தண்ணிக்கு தனி, வெளிய ஒக்காந்ததுக்கு தனி. ஊருக்குப் போன் பண்ணி பழமை பேசுனப்ப இதச் சொல்லவே இல்ல, மானம் போயிரும்.

காந்திபுரத்துல பஸ் எறங்குனா "உள்ள வாங்க சார், பரோட்டா தோசை ஃபிரைடு ரைஸ்"ன்னு கத்தற கடைக்கு நாம போறோமா? இல்லீல்ல. அங்கயும் போவாதீங்க. ஆறு பாஷையில மெனு, லாமினேட் பண்ணுன போட்டோ, பீட்சா நூடுல்ஸ் பயேயா மூணும் ஒரே கடையில, வாசல்ல கூப்புடற ஆளு, இதுல ரெண்டு இருந்தாலே அக்கட்ட நடையக் கட்டுங்க. ஸ்டேஷன், பெரிய சர்ச்சு, சதுக்கம், இதுலருந்து பத்து நிமிசம் உள்தெருவுல நடந்தா வெலையும் எறங்கும் ருசியும் ஏறும்.

ஆள் புடிச்சுக் கேக்கறது

ரூம் ரிசப்ஷன்ல போயி நல்ல ரெஸ்டாரன்ட் எதுன்னு கேட்டா, நம்மளப் பாத்ததும் ஒரு இந்தியன் கடையக் காட்டுவாங்க, இல்லைன்னா வெலை எச்சான கடையக் காட்டுவாங்க. அவங்க மேல தப்பில்ல, நாம கேட்ட கேள்வி அப்படி. "நேத்து மதியம் நீங்க எங்க சாப்புட்டீங்க?"ன்னு கேளுங்க. இதுக்கு பொய் சொல்ல முடியாது, யோசிக்கவும் வேண்டியதில்ல. பையர் ஆபீஸ்ல டிசைனர்கிட்ட கேக்கறதவிட சாம்பிள் ரூம்ல வேலை செய்யற அம்மாகிட்ட, குடோன்காரர்கிட்ட கேட்டா நல்ல கடை வரும்.

இன்னொன்னு, "ஹோட்டல்"னு சொல்லிக் கேக்காதீங்க. நமக்குத்தான் ஹோட்டல்னா இட்லி, அவங்களுக்கு ஹோட்டல்னா ரூமு. டாக்ஸிக்காரர்கிட்ட நல்ல ஹோட்டல் வேணும்னு சொல்லி ராத்திரி பத்து மணிக்கு இன்னொரு லாட்ஜு வாசல்ல போயி எறங்குன ஆளு எங்க கம்பெனிலயே இருக்காரு.

வாசல்ல ரெண்டு நிமிசம்

கடை கெடச்சுருச்சா, உடனே நொழைஞ்சிறாதீங்க. பெரும்பாலான ஊர்ல மெனுவ வாசல்லயே ஒட்டியிருப்பாங்க, அதப் படிக்கற மாதிரி நின்னு உள்ள பாருங்க. எல்லா டேபிள்லயும் ஒரே ஐட்டம் இருக்குதா, அப்ப அதுதான் அந்தக் கடைக்கு ஸ்பெஷல், நீங்களும் அதையே சொல்லுங்க. வயசானவங்க தனியா ஒக்காந்து சாப்புடறாங்களா, ரொம்ப நல்ல அறிகுறி, அவங்களுக்கு காரமும் எண்ணெயும் ஏமாத்து வேலையும் ஆவாது. மெனு சின்னதா, கையில எழுதுனதா இருந்தா இன்னும் நல்லது. சிங்கப்பூர்ல ஹாக்கர் சென்டர்ல, அதாவது சின்னச் சின்ன சாப்பாட்டுக் கடைங்க ஒரே எடத்துல இருக்கறதுல, இது ரொம்ப சுலபம், எந்தக் கடைக்கு முன்னாடி வரிசை நிக்குதோ அங்க போயி நில்லுங்க, 2020ல யுனெஸ்கோவே பட்டியல்ல சேத்துன சாப்பாட்டுப் பழக்கம் அது. டேபிள் மேல டிஷ்யூ பாக்கெட் கெடந்தா யாரோ மறந்துட்டுப் போயிட்டாங்கன்னு நெனைச்சு ஒக்காந்துறாதீங்க, அது எடம் புடிச்சு வெச்சது, நம்ம ஊரு பஸ்ல ஜன்னல் வழியா துண்டு போடற கணக்கு.

பீஃப் வேண்டாம், கறி வேண்டாம்னா

நம்ம பக்கம் வெள்ளாட்டுக்கறி, நாட்டுக்கோழி திங்கறவங்களுக்கும் பீஃப் ஆவாதவங்க நெறைய. அமாவாசை, புரட்டாசி சனின்னு பாக்கறவங்களும் உண்டு. அதனால இது நல்லாப் படிச்சுக்கோங்க.

வெஜிடேரியன்னு சொன்னாப் போதும்னு நெனைக்காதீங்க. ஸ்பெயின்ல சைவ சாலட்ல சூரை மீனப் போட்டுக் கொண்டாருவாங்க, கேட்டா "கறி இல்லையே"ம்பாங்க. காய்ப் பொரியல்ல பன்னிக்கறி சீவிப் போடறதும் உண்டு. ஜப்பான்ல காயும் டோஃபுவும் மட்டும் இருக்கற கொழம்புலகூட மீன்ல எடுத்த தாஷி தண்ணி இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. துருக்கில "எட் வார் மு?"ன்னு கேளுங்க, கறி இருக்குதான்னு அர்த்தம். அங்க "ஸெய்தின்யாளி"ன்னு சொல்ற ஆலிவ் எண்ணெய்க் காய்ங்க பெரும்பாலும் கறி சேக்காம ஆற வெச்சுப் போடறது, சைவக்காரங்களுக்கு தோதானது. பீஃப்னா ஜெர்மன்ல "ரிண்ட்", ஸ்பானிஷ்ல "டெர்னேரா", இந்த வார்த்தைங்களயும் நீங்க திங்காத மத்த கறிப் பேரையும் பெருசா டைப் பண்ணி "இது வேண்டாம்"னு அந்தூரு பாஷையிலேயே போன்ல ஸ்கிரீன்ஷாட் வெச்சுக்கோங்க, நெட் இல்லாட்டியும் காட்டலாம்.

நல்ல சேதியும் இருக்குது. வியட்நாம்ல புத்த மதத்துக்காரங்க நெறையப் பேரு அவங்க மாசக் கணக்குல ஒன்னாந்தேதியும் பதினஞ்சாந்தேதியும் சைவம், அதாவது நம்ம அமாவாசை பௌர்ணமியேதான், அன்னைக்கு "சாய்"னு போர்டு போட்ட கடையில கூட்டம் அள்ளும். சைனாவுல புத்தர் கோயிலுக்குப் பக்கத்துல தேடுனா சைவக் கடை கெடைக்கும். எத்தியோப்பியாக்காரங்கள்ல நெறையப் பேரு ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவங்க, அவங்களுக்கு புதனும் வெள்ளியும் விரதம், அன்னைக்கு பாலும்கூட சேத்தாத சாப்பாடு. ஐரோப்பாவுல நெறைய பெரிய ஊருல எத்தியோப்பியாக் கடை இருக்குது. இஞ்செரான்னு புளிச்ச மாவுல ஊத்துன பெரிய தோசை, அது மேல பருப்பு, கீரை, முட்டக்கோசு வெச்சு கையில பிச்சுத் திங்கறது, கையில திங்கறோம்னு யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. ஃபிராங்க்ஃபர்ட்ல இப்ப எனக்கு மொத ராத்திரி சாப்பாடு அங்கதான்.

நம்ம சாப்பாடு

ஏங்கிப் போச்சுன்னா போங்க, தப்பில்ல. பாரிஸ்ல லா ஷாப்பெல் பக்கம் ஈழத்துத் தமிழர் கடைங்க வரிசையா இருக்குது, தோசை, கொத்து ரொட்டி எல்லாம் தமிழ்லயே சொல்லி வாங்கலாம். லண்டன்ல ஈஸ்ட் ஹாம். ஆனா எறங்குன அன்னைக்கே போவாதீங்க, நாலாவது நாளைக்கு வெச்சுக்கோங்க. அப்பறம் நம்ம ஊரு ருசியத் தேடாதீங்க, அது அவங்க ஊரு சமையல், அவங்க காரம், நல்லாத்தான் இருக்கும். சந்தகையும் கொள்ளுப் பருப்பும் நம்ம கொங்குப் பக்கத்தத் தாண்டுனாலே கெடைக்கறது கஷ்டம், பாரிஸ்ல எங்க கெடைக்கும்.

பையில ஒரு பருப்புப்பொடி டப்பா இருக்கட்டும். ஆனா ஐரோப்பாவுக்கு நெய்யும் உப்புக்கண்டமும் கட்டிட்டுப் போவாதீங்க, பால் சாமானும் கறிச் சாமானும் அவங்க கஸ்டம்ஸ்ல எடுத்துருவாங்க. தயிர் அங்கயே சூப்பர் மார்க்கெட்ல அருமையா கெடைக்கும், துருக்கிக்காரங்க மளிகைக் கடையில இன்னும் நல்லா இருக்கும்.

பில்லு

அமெரிக்காவுல டிப்ஸ் பதினெட்டு இருவது சதவீதம் சேத்திக் கணக்குப் போட்டுக்கோங்க, ஜெர்மனில அஞ்சுலருந்து பத்து, ஜப்பான்ல குடுக்கவே குடுக்காதீங்க, பின்னாலயே ஓடி வந்து திருப்பிக் குடுப்பாங்க. இத்தாலில "கோபெர்தோ"ன்னு டேபிளுக்கும் ரொட்டிக்கும் சேத்தி ஒரு தொகை ஆளுக்கு இவ்வளவுன்னு போடுவான், ஏமாத்து இல்ல, வழக்கம். ஃபிரான்ஸ்ல தண்ணி பாட்டில் வாங்காம "கராஃப் தோ"ன்னு கேட்டா குழாய்த்தண்ணி சும்மா வரும். போர்ச்சுகல்ல கேக்காமலே ஆலிவும் ரொட்டியும் கொண்டாந்து வெப்பாங்க, தொட்டா காசு, வேண்டாம்னா அப்பவே எடுத்துட்டுப் போகச் சொல்லிருங்க.

அடிக்கடி போறவங்களுக்கு மட்டும் ஒன்னு. நல்ல கடை ஒன்னு கெடச்சா அடுத்த நாளும் அங்கயே போங்க. தெனமும் புதுக்கடை தேடறது டூரிஸ்ட்டுக்கு சரி, நமக்கு ஆறு மாசம் கழிச்சு மறுபடி வரோணும். மேப்ல சேவ் பண்ணி என்ன சாப்புட்டோம்னு ரெண்டு வார்த்தை எழுதி வெய்யுங்க. லாலேலி மாஸ்டருக்கு என்ற பேரு இன்னைக்கும் தெரியாது, ஆனா உள்ள நொழைஞ்சதும் "பாம்யா!"ங்கறாரு, பாம்யான்னா வெண்டைக்கா.

தம்பி நேத்து பார்சலோனாவுலருந்து போட்டோ அனுப்பிச்சிருந்தான். மணி அங்க ரெண்டே கால், காயிதம் விரிச்ச டேபிளு, ரொட்டி, தட்டுல பருப்பு மாதிரி ஒன்னு. "அண்ணா மெனு டெல் தியா, 14 யூரோ, அப்படியே நம்மூட்டு பருப்புக் கொழம்பு! நடுவுல செவப்பா வட்ட வட்டமா கெடக்குதுங்ணா, அது என்னங்ணா?" பெருசு பண்ணிப் பாத்தேன். சோரிஸோ, பன்னிக்கறி. ஸ்கிரீன்ஷாட்டக் காட்டுனியாடான்னு கேட்டேன். கொஞ்ச நேரம் டைப்பிங் டைப்பிங்னே காட்டுச்சு, அப்பறம் வந்துச்சு பதிலு: "மறந்துட்டேனுங்ணா. பாதி தின்னுட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு. அம்மாகிட்ட சொல்லிறாதீங்ணா."